மணலில் நின்ற கதவுகள்

கதவுகள் கனமாகவும் வரிகள் இலேசாகவும் இருந்த முன்னொரு காலத்தில், பெயர் இப்போது எவர் நினைவிலும் இல்லாத ஒரு நாட்டை ஓர் அரசர் ஆண்டார். தாழ்ப்பாள் விலகும் ஓசை அவருக்கு மிகவும் பிடிக்கும். இளமையில் தம் தாயாரின் விரலைப் பற்றிக்கொண்டு, அறுவடை முடிந்ததும் வீடுவீடாகப் புதுநெல் கொடுக்கப் போயிருக்கிறார். தட்டியதும் உள்ளே எழும் வளையல் ஒலி, ‘யாரது’ என்னும் குரல், தாழ் விலகும் ஓசை, அப்புறம் ஒரு முகம். முடிசூடிய பிறகு எல்லா வாயில்களும் அவர் தட்டுமுன்னரே திறந்துகொண்டன. கேட்பதற்கு ஓசை இல்லாமல் போயிற்று.

அறுபதாவது பிறந்தநாளன்று அந்த ஏக்கம் ஆணையாயிற்று. செப்பேட்டில் இவ்வாறு பொறிக்கச் செய்தார்: ‘முழுநிலா நாள்தோறும் காலையில் தலைநகரின் ஒவ்வொரு கதவையும் தட்டுக. திறப்பவர் கையில் ஒரு கலம் நெல்லும் ஒரு பொற்காசும் கொடுக்க. வேறெதுவும் கேளற்க.’

காரணம் கேட்காமல் கொடுத்த நெல் என்ன ஆகுமோ என்று அறிஞர்கள் ஐயுற்றனர். அது பெரும்பாலும் சோறாயிற்று.

அந்த ஆண்டு ஐப்பசியில் ஆறு பெருகி, கீழ்க்கரைத் தெருவை ஒரே பகலில் வழித்துக்கொண்டு போயிற்று. நாற்பத்தொரு குடும்பங்கள் கரைமேட்டில் கவிழ்த்த ஓடங்களுக்கு அடியிலும் மரத்தடியிலும் ஒதுங்கின. கொடையைப் பங்கிடும் பொறுப்பிலிருந்த தானாதிகாரி தருமசேனரின் ஆட்கள், முழுநிலா நாளன்று நெல்மூட்டைகளோடு அவர்களைக் கடந்து போனார்கள். மூன்று மாதம் அப்படியே கடந்தார்கள்.

அரசவை விகடகவி ஐயாறன் இதை அவையில் எடுத்துரைத்தார். தருமசேனர் பணிவோடு எழுந்தார்.

“செப்பேடு கதவைத் தட்டச் சொல்கிறது. கதவே இல்லாதவரிடம் அடியேன் எதைத் தட்டுவது? முதலில் அவர்கள் வீடு கட்டட்டும். கட்டியபின் கொடுக்கலாம்.”

எதைக் கொண்டு கட்டுவார்கள் என்று ஐயாறன் கேட்டார். அது செப்பேட்டில் இல்லை என்றார் தருமசேனர். அவை சிரித்தது. விகடகவியின் சொல்லுக்குச் சிரிக்க வேண்டிய அவை விகடகவியையே எள்ளிச் சிரித்தது ஐயாறனுக்குப் புதிது.

ஐயாறனின் இருக்கையில் தம் மைத்துனரை அமர்த்தத் தருமசேனர் ஏழாண்டுகளாகக் காத்திருந்தார். வாய்ப்பை அவர் நழுவவிடவில்லை. அடுத்த முழுநிலாவுக்குள், செப்பேட்டில் ஓர் எழுத்தும் மாறாமல், கொடைக்கு மேல் கருவூலத்திலிருந்து ஒரு காசும் எடுக்காமல், வெள்ளம் வரும் கரையில் ஒரு வீடும் எழுப்பாமல், கவி அந்தக் கொடையை அவர்களுக்குச் சேர்ப்பிக்கட்டும். இயலாவிடில் இருக்கையை விட்டு இறங்கட்டும் என்றார். நீதியைப் போலவே பந்தயத்தையும் விரும்பிய அரசர் தலையசைத்தார்.

மறுநாள் காலை ஐயாறன் ஆற்றங்கரைக்குப் போனார். அங்கே வடிவாள் என்பவள் தன் மகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் சுண்ணாம்புக் காளவாயில் கூலி வேலை செய்தான். கூலி இரண்டு வயிற்றுக்குப் போதும்; வயிறுகள் நான்கு. எனவே, வரும் முழுநிலா நாளன்று மகளையும் மகனையும் எண்ணெய் வணிகர் வீட்டில் ஏழாண்டு ஏவல்வேலைக்கு விடுவதாகச் சொல்லியிருந்தாள். வணிகர் கொடுப்பது சோறு மட்டும். கைநீட்டி அவள் இன்னும் எதுவும் வாங்கவில்லை. அன்று காலையில் வணிகரின் கணக்குப்பிள்ளை வண்டியோடு வருவார்.

வீட்டை நினைத்துக்கொள்வதுண்டா என்று ஐயாறன் கேட்டார். கேட்டபின், கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

“சுவரு போனா மண்ணு இருக்கு. கூரை போனா ஓலை இருக்கு. கதவு எங்கப்பன் இழைச்சது சாமி. லேசாத் தூக்கித் திறக்கணும். புதுசா வர்ற ஆளுக்குத் திறக்கவே தெரியாது.” சீப்பில் சிக்கிய முடியை எடுத்துப் போட்டாள். “பசி கூடப் பழகிப்போச்சு. கதவில்லாம கண்ணு மூடறதுதான் பழகல.”

அந்தக் கதவு எங்கே போயிருக்கும் என்று கேட்டார்.

“ஆறு கொண்டுபோய் எங்க போடுமோ, அங்க.”

ஆறு எங்கே கொண்டுபோய்ப் போடும் என்பது ஐயாறனுக்குத் தெரியும். ஊருக்குக் கீழே ஆறு வளைகிறது. வெள்ளம் கொணரும் மரமெல்லாம் அந்த வளைவில்தான் ஒதுங்கும். ஒதுங்கிய மரம் அரசருடையது என்பது நாட்டு வழக்கம். அதை அரண்மனை மரக்கிடங்கில் அடுக்கிவைப்பார்கள்.

அன்றே அவைக்குத் திரும்பி, அந்த ஒதுங்கு மரத்தைத் தமக்குத் தருமாறு அரசரை வேண்டினார். கவிக்குக் குளிர்காய விறகு வேண்டும் போலும், கொடுத்துவிடலாம் என்று தருமசேனரே பரிந்துரைத்தார். அவர் பரிந்துரைத்த ஒரே தருமம் அது என்பார்கள்.

கிடங்கு திறந்த காலை ஐயாறனுக்கு நெடுநாள் மறக்கவில்லை. அடுக்குகளுக்கு இடையே கதவுகள் கிடந்தன. ஐயாறனோடு வந்த கீழ்க்கரை மக்கள் முதலில் தயங்கி நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராகக் குனிந்து மண்ணைத் துடைக்கத் தொடங்கினார்கள். ஒருவர் தம் மகனின் உயரத்தை ஆண்டுதோறும் கீறி வைத்திருந்த கோடுகளைக் கண்டுபிடித்தார். மகன் இப்போது அந்தக் கடைசிக் கோட்டைத் தாண்டியிருந்தான். ஓர் அம்மாள் மஞ்சள் கறையை வைத்து அடையாளம் சொன்னாள். ஒரு கதவுக்கு இருவர் உரிமை கொண்டாடினார்கள். அதை நிமிர்த்தி ஆட்டியபோது எழுந்த கிரீச்சொலியைக் கேட்டதும் ஒருவர் விலகிக்கொண்டார். வடிவாள் தன் கதவின் கீழ்விளிம்பைத் தடவிப் பார்த்து, தேய்ந்திருந்த இடத்தில் கையை வைத்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

முழுநிலா நாள் காலையில், இருக்கை கைமாறுவதைக் காணத் தருமசேனர் ஆவலோடு வந்தார். முன்னால் அரசர் வந்தார், பின்னால் நெல்வண்டி வந்தது. கரை மணலில், நட்ட நிலைகளில், நாற்பத்தொரு கதவுகள் சாத்தப்பட்டு நின்றன. வலப்பக்கம் சுவரில்லை, இடப்பக்கமும் இல்லை. ஒவ்வொரு கதவுக்கும் பின்னால் ஒரு குடும்பம் வெயிலில் அமர்ந்திருந்தது.

“இவை வீடுகள் அல்ல, அரசே,” என்றார் தருமசேனர்.

“செப்பேடு வீடு என்று எங்குமே சொல்லவில்லை,” என்றார் ஐயாறன்.

தருமசேனர் முதல் கதவைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போக முனைந்தார்.

“கதவு இருக்கும்போது சுற்றிக்கொண்டு வருபவருக்கு ஊரில் வேறு பெயர் உண்டு, ஐயா,” என்றார் ஐயாறன்.

தருமசேனர் வைத்த காலைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அரசர் முன்னே வந்து, தம் விரல்முட்டியால் கதவைத் தட்டினார். அந்தப்புறம் வளையல் ஒலித்தது.

“யாரது?” என்றாள் வடிவாள்.

அரசர் சிறிது தடுமாறினார். அந்தக் கேள்வியை அவரிடம் எவரும் கேட்டு ஐம்பதாண்டு ஆகியிருந்தது.

“நான்தான்,” என்றார்.

“இருங்க, வரேன்.”

அவள் முந்தானையைச் சரிசெய்ததும், பிள்ளைகளை எழுப்பி நிறுத்தியதும் எல்லோருக்கும் தெரிந்தன. ஆயினும் எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாழ் விலகியது. அவள் இலேசாகத் தூக்கித் திறந்தாள். அரசரின் கண்கள் அந்த ஓசைக்கு மூடிக்கொண்டன.

“உள்ள வாங்க சாமி. தலையைப் பாத்து.”

அரசர் நிலைக்கு அடியில் தலைகுனிந்து உள்ளே போனார். நெல்லையும் பொற்காசையும் அவள் கையில் தாமே கொடுத்தார். காசை இவள் எதற்குச் செலவிடுவாள் என்று கேட்க வேண்டாமா என்றார் தருமசேனர் வெளியிலிருந்து. ‘வேறெதுவும் கேளற்க’ என்று ஐயாறன் செப்பேட்டை ஒப்பித்தார். அடுத்த முழுநிலாவுக்கும் வருவோம், அதற்கடுத்ததற்கும் வருவோம் என்று அரசர் அவளிடம் சொன்னார். அவர் வெளியே வந்ததும் அவள் கதவைச் சாத்தித் தாழிட்டாள், பழக்கம்.

அப்போதுதான் எண்ணெய் வணிகரின் வண்டி வந்தது. கணக்குப்பிள்ளை இறங்கி வந்து கதவைத் தட்டினார். வடிவாள் பிள்ளைகளைப் பார்த்தாள், நெல்மூட்டையைப் பார்த்தாள்.

“பிள்ளைங்க வரலைங்க. ஐயாகிட்டச் சொல்லிடுங்க,” என்றாள், திறக்காமல்.

கணக்குப்பிள்ளை வலப்பக்கம் பார்த்தார். வெறும் மணல். இடப்பக்கமும் மணல். பிள்ளைகள் இரண்டடி தூரத்தில் நின்றார்கள். பிறகு அவர், சாத்திய கதவுக்குச் சொல்லும் மரியாதையோடு, “சரிம்மா, சொல்லிடறேன்,” என்று வண்டியைத் திருப்பினார்.

அரசர் மகுடம் சரியச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கரைக்கு மேலேயுள்ள மேட்டு நிலத்தை அந்தக் குடும்பங்களுக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னார். மற்ற நாற்பது கதவுகளையும், இனி வரும் முழுநிலா நாள்களிலும் எல்லாக் கதவுகளையும், தருமசேனர் தம் கையாலேயே தட்ட வேண்டும் என்றார். பிறகு ஐயாறனைப் பார்த்து, இருக்கை உமதே, பரிசாக என்ன வேண்டும் என்று கேட்டார்.

“ஒரு கதவு, அரசே.”

“இத்தனை கதவுகளை நட்டவருக்கா?”

“கிடங்கில் நாற்பதுதான் கிடைத்தன. ஒன்றை ஆறு கடலுக்கே கொடுத்துவிட்டது. ஆகவே என் வீட்டுக் கதவைக் கழற்றிக் கொண்டுவந்தேன். இன்று காலை தானாதிகாரியாரின் ஆட்கள் என் தெருவுக்கு வந்தார்கள். தட்ட ஒன்றும் இல்லாததால் கடந்து போய்விட்டார்கள்.”

அரசர் மறுபடி சிரிக்கத் தொடங்கினார். தருமசேனருக்கும் சிரிக்க வேண்டியதாயிற்று. மாலைக்குள் அரண்மனையிலிருந்து ஒரு தேக்குக் கதவு எட்டு ஆள்களின் தோளில் ஐயாறன் வீட்டுக்கு வந்தது. வாயிலைவிட அது இரண்டு முழம் அகலம். அதற்கு ஏற்ற வீட்டை அவர் பிறகு கட்டிக்கொண்டார்.