நான்கு பலகைகளும் ஒரு குப்பி எண்ணெயும்

ஞானக் கதைகளில் கேள்வி கேட்க வருபவர்கள் ஆண்கள். உண்மை எது, மரணத்துக்குப் பின் என்ன என்று கேட்பார்கள். பதில் கிடைத்ததும் ஞானியாகிவிடுவார்கள். அன்றைக்கு அவர்கள் வீட்டில் உலை வைத்தவள் யார் என்று எந்தக் கதையும் சொல்வதில்லை.

உலை வைத்தவளின் பெயர் தையல்நாயகி.

அவளும் குருவிடம் போனாள். மரணத்தைப் பற்றி விசாரிக்க அவளுக்கு நேரமில்லை.

"சாமி, சுவருக்கு எந்தப் பூச்சு பூசட்டும்?" என்று கேட்டாள்.

மலையடிவாரத்து மடத்தில் இருந்த அந்தக் குரு ஒரு பெண். தையல்நாயகியைவிட வயதில் மிக இளையவள். ஆகவே குரு சிஷ்யையை அக்கா என்றாள். சிஷ்யை குருவைச் சாமி என்றாள். இருவருக்கும் அதில் சங்கடம் இல்லை.

"வீடு இன்னும் முடியலையா, அக்கா?"

"பூச்சுதான் பாக்கி. ஆடியிலிருந்து அப்படியே நிக்குது."

பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற பணத்தில் அவள் கட்டிய வீடு அது. இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு. கணவன் இறந்த பிறகு அண்ணன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தவளுக்கு, அது போதுமானதாக இருந்தது.

தையல்நாயகி பையிலிருந்து நான்கு பலகைகளை எடுத்துப் பரப்பினாள். ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரிப் பூச்சு இருந்தது.

"இது வெறும் பட்டி மாவு பூசி வழவழன்னு எமல்ஷன் பெயிண்ட் அடிக்கிறது. சதுர அடி முப்பது ரூபா. இது ரோலர் டெக்ஸ்சர், வரிவரியா மேடுபள்ளமா இருக்கும், அதைப்போல ரெண்டு மடங்கு. இது மணல் டெக்ஸ்சர், இன்னும் கூட. இது கல்லு மாதிரி, நூத்தம்பது."

"எது மலிவு?"

"அதுதான் தெரியல. முதல்ல மலிவா இருக்கறது பின்னால செலவு வைக்குது. பட்டியில ஒரு கறை பட்டா முழுச் சுவரையும் திரும்ப அடிக்கணும். ரோலர்ல பள்ளத்துக்குள்ள தூசி உக்காரும். மணல்ல துடைச்சா துணிதான் கிழியும். கல்லு மாதிரி போட்டா எந்தக் கறையும் தெரியாதாம்."

"கறை பண்ணப் போறது யாரு?"

தையல்நாயகி யோசித்தாள். "நான்தான்."

"பார்க்கப் போறது?"

"அதுவும் நான்தான்."

குரு பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும், சாமி. இல்லேன்னா பெயிண்டர் கல்யாண மண்டப வேலைக்குப் போயிடுவார். அண்ணன் வாடகைக்கு ஒரு குடும்பத்தைப் பிடிச்சு வச்சிருக்கார். பூசாத வீடானாலும் பரவாயில்லைங்கறாங்களாம். வீட்டை அவங்களுக்கு விட்டுட்டு நீ இங்கேயே இரு, தனியா என்ன பண்ணப்போறேங்கறார். எனக்கும் சலிச்சுப்போச்சு. சரின்னு சொல்லிடலாமான்னு இருக்கு."

"அண்ணன் வீட்டுல சமையல் யாரு?"

"நான்."

"அப்போ அவர் கவலை நியாயம்தான்" என்றாள் குரு.

பிறகு, "சாய்ஞ்சு உக்காருங்க, அக்கா" என்றாள்.

தையல்நாயகி திரும்பிப் பார்த்தாள். சுவர் அவள் முதுகுக்கு ஒரு சாண் பின்னால் இருந்தது.

"இப்படியே இருக்கேன், சாமி."

"இத்தனை வருஷமா வர்றீங்க. ஒரு நாள் சாய்ஞ்சு நான் பார்த்ததில்ல."

"தலையில எண்ணெய். சுவர்ல படிஞ்சிடும்."

"அப்படின்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல." தையல்நாயகி பலகைகளை ஒழுங்காக அடுக்கினாள். "அண்ணன் வீட்டுக்குப் போன புதுசுல, சுவர்ல சாய்ஞ்சு கொஞ்சம் கண்ணசந்துட்டேன். வட்டமா ஒரு கறை. அண்ணி ஒரு வார்த்தை சொல்லல. நல்லவ. மறுநாள் அந்த இடத்துல ஒரு காலண்டர் மாட்டினா."

"எந்த உயரத்துல?"

"உக்கார்ந்தா தலை இருக்கிற உயரத்துல."

"அவ்வளவு கீழே எவளாவது காலண்டர் மாட்டுவாளா?"

"இன்னைக்கும் இருக்கு. வருஷா வருஷம் மாத்துறா."

குரு எழுந்தாள். மாடத்திலிருந்து தேங்காயெண்ணெய்க் குப்பியை எடுத்தாள். உள்ளங்கை நிறைய ஊற்றி உச்சந்தலையில் வைத்துத் தேய்த்தாள். எண்ணெய் நெற்றியில் வழிந்தது.

நான்கு பலகைகளையும் சுவரோரம் வரிசையாக நிறுத்தினாள். முதல் பலகையின் முன் உட்கார்ந்து தலையைச் சாய்த்தாள்.

"சாமி, அது கடைக்காரர் பலகை."

குரு கண்ணை மூடிக்கொண்டாள்.

"திருப்பிக் குடுக்கணும், சாமி."

குரு அடுத்த பலகைக்கு நகர்ந்தாள். அதிலும் சாய்ந்தாள். மூன்றாவதிலிருந்து தலையை எடுத்தபோது மணலில் இரண்டு முடி ஒட்டிக்கொண்டிருந்தது. நான்காவதில் சாய்ந்தவுடன் முகத்தைச் சுளித்தாள்.

"இது குத்துது. நூத்தம்பது ரூபா குடுத்துக் குத்து வாங்கணுமா, அக்கா?"

தையல்நாயகி கிட்டே போய்ப் பார்த்தாள். பட்டியில் கறை வட்டமாக இருந்தது. ரோலரில் வரிவரியாக இருந்தது. மணலில் ஊறியிருந்தது. கல்லில் பளபளத்தது.

"நாலுலயும் தெரியுது" என்றாள்.

"தெரியுது. இப்போ விலையைச் சொல்லுங்க."

தையல்நாயகி வாயைத் திறந்தாள். முப்பது என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள்.

தன் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தாள். பிறகு கையை ஊன்றிப் பின்னால் நகர்ந்தாள். முதுகு மடத்துச் சுவரில் பட்டது. தோள் பட்டது. கடைசியாகத் தலை பட்டது.

"குளுகுளுன்னு இருக்கு, சாமி."

"அந்த இடத்துக்கு ஒரு காலண்டர் தரட்டுமா?"

"வேண்டாம்" என்றாள் தையல்நாயகி, கண்ணைத் திறக்காமலே. "யாரு வருஷா வருஷம் மாத்துறது."

மறுநாளே அவள் பெயிண்டருக்குச் சொல்லிவிட்டாள்: வெறும் பட்டி, வெள்ளை நிறம். பலகைகள் பாழானதற்குக் கடைக்காரரிடம் திட்டு வாங்கிக்கொண்டாள். தை மாதம் குடிபோனாள். அண்ணன் வீட்டில் சமையலுக்கு ஒருத்தியை வைத்தார்கள். அவளுக்குச் சம்பளம் உண்டு.

தையல்நாயகி தன் வீட்டில்தான் இருக்கிறாள். மாலையில் வேலை முடிந்ததும் முன்னறைச் சுவரில் சாய்ந்து உட்காருகிறாள். அண்ணி எப்போதாவது வருகிறாள். முதல் முறை வந்தபோது சுவரைப் பார்த்தாள்; சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளியே உட்கார்ந்தாள்.

இப்போது அந்தச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கறைகள் இருக்கின்றன.