பென்சில் கோடுகளை அழிக்கிறவன்

தோக்கியோவில் ஒரு வாரப் பத்திரிகையின் பழைய தொகுப்பாசிரியர், தன் பிரிவு உபசார விருந்தில் ஒன்று சொன்னார். காதல் கதை வரைகிறவனுக்கு இரண்டு ஆயுள் வேண்டும் என்றாரா, ஒன்றே அதிகம் என்றாரா, சரியாக நினைவில்லை. எல்லோரும் சிரித்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் சொன்ன கதை இது.

நிஷிகோரி பள்ளிக்கூடக் காதலை மங்கா என்னும் படக்கதையாக வரைகிறவர். வாராவாரம், இருபத்திரண்டு வருடமாக, ஒரே தொடர். மினாயோ என்ற பெண்ணும் ஒரு பையனும் அதில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறார்கள். வருடம் தவறாமல் செர்ரி பூக்கும். இருவரும் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போனதில்லை. காதலைச் சொன்னதுமில்லை. சொன்னால் தொடர் முடிந்துவிடும்.

அவருக்கு ஹொசோயா என்று ஒரு சீடன். உதவியாளனாக வந்தபோது இருபத்தைந்து வயது. இப்போது நாற்பத்து நான்கு.

அங்கே வேலைக்கு ஒரு முறை உண்டு. முகங்களை நிஷிகோரி மட்டும் வரைவார். மேசை, நாற்காலி, சன்னல், மாடிப்படி எல்லாம் ஹொசோயாவின் பாடு. பென்சிலில் வரைந்த முகத்துக்கு நிஷிகோரியே மை போடுவார். மை காய்ந்ததும், அடியில் தெரியும் பென்சில் கோடுகளை ஹொசோயா ரப்பரால் அழிப்பான்.

ஒரு புதன்கிழமை காலை, அந்த வாரத்துப் பக்கங்கள் அச்சுக்குப் போன பிறகு, ஹொசோயா ஒரு காகித உறையோடு குருவின் முன் வந்து உட்கார்ந்தான்.

“சென்செய், பத்திரிகையில் என் கதையைத் தொடராகப் போடுகிறார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்கள்.”

“பத்தொன்பது வருடம் கழித்தா? அவசரக்காரர்கள்.”

“நீங்கள் ஒருமுறை பார்த்துவிட்டு, என்ன குறை என்று சொன்னால்…”

“என்ன கதை?”

“பள்ளிக்கூடக் காதல்.”

“உலகத்தில் வேறொன்றுமே நடக்கவில்லை போலிருக்கிறது.”

“இது நிஜம், சென்செய். எங்கள் தீவில் நடந்தது. சயோ என்று என் வகுப்பில் ஒரு பெண். அவளிடம் நான் வாய் திறந்ததில்லை. என்னுடையது என்று என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். இத்தனை வருடம் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன்.”

நிஷிகோரி முப்பத்தோரு பக்கங்களையும் பார்த்தார். தேநீர் ஆறிப்போனது. பிறகு அந்தக் காகிதக் கட்டைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

“சயோவை வரைந்து காட்டு. இதைப் பார்க்காமல்.”

ஹொசோயா ஒரு தாளை இழுத்து வரைந்தான். குட்டை முடி. பாதி தாழ்ந்த கண்கள். ஏதோ சொல்ல வந்து நிறுத்திய உதடு. கை எங்கும் தயங்கவில்லை.

நிஷிகோரி போன வாரத்து இதழை எடுத்தார். மினாயோவின் முகம் பக்கம் முழுக்க வந்த இடத்தைத் திறந்து, அந்தத் தாளின் அருகில் வைத்தார். ஒரு உள்ளங்கையால் மினாயோவின் கூந்தலை மூடினார். இன்னொன்றால் சயோவின் முடியை மூடினார்.

ஹொசோயா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். ஒரே முகம்.

“நான் இங்கே ஒரு முகம்கூட வரைந்ததில்லையே, சென்செய்.”

“வரைந்ததில்லை. அழித்திருக்கிறாய். ஒவ்வொரு கோட்டின் மேலும் உன் கை போயிருக்கிறது.”

“இல்லை. அவள் நிஜமாகவே இப்படித்தான் இருந்தாள்.”

“ஊரில் கேட்க யாராவது இருக்கிறார்களா?”

அக்கா இருந்தாள். படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவள். ஹொசோயா அவளுக்குப் போன் போட்டு, சயோவைப் பற்றிக் கேட்டான். அவள் எப்போதும் காற்றை மீறிக் கத்தியே பேசுவாள்; நிஷிகோரிக்கும் கேட்டது.

“யாரு, சயோவா? அந்தச் சோடாபுட்டியா?”

“சோடாபுட்டியா?”

“மூக்குக்கண்ணாடிடா! அதுலயும் ஒரு பக்கம் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். நீதானே பந்தை எறிஞ்சு உடைச்சே? அம்மா உன்னை இழுத்துட்டுப் போய் அவங்க வீட்டு வாசல்ல தலைகுனிய வச்சாங்களே. ஒரு வாரம் சோறு இறங்காம கிடந்தியேடா.”

“அவளுக்கு… முடி குட்டைதானே அக்கா?”

“எவ சொன்னா? இடுப்பு வரைக்கும் பின்னல். ஏன்டா, அவளைப் போய் இப்ப எதுக்குக் கேக்குறே? உனக்கு உடம்பு சரியாத்தானே இருக்கு? இரு, இரு, படகு வந்துடுச்சு.”

அவள் வைத்துவிட்டாள்.

ஹொசோயா கண்களை மூடிக்கொண்டான். மனதில் சயோவுக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தான். பின்னலை வைத்துப் பார்த்தான். மினாயோ கண்ணாடி அணிந்து, பின்னல் போட்டுக்கொண்டு நின்றாள்.

“அவளை எப்படித் திரும்பக் கொண்டுவருவது, சென்செய்?”

நிஷிகோரி தன் கோப்பையை எடுத்தார். ஆறிய தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.

“மினாயோவை முதலில் என் மனைவியைப் பார்த்துத்தான் வரைந்தேன். போன வருடம் அவள் சாவுச் சடங்குக்கு வைக்க ஒரு படம் கேட்டார்கள். ஆல்பத்தைப் புரட்டினேன். முப்பது வருடம் கூட இருந்தவள். ஒரு படத்தைக் காட்டி, யாரம்மா இது, மூக்கு இவ்வளவு பெரிதாக இருக்கிறதே என்று மகளிடம் கேட்டேன். அம்மாதான் என்றாள்.”

ஹொசோயா தன் காகிதக் கட்டை உறைக்குள் வைத்தான்.

வெள்ளிக்கிழமை காலை பத்திரிகை அலுவலகத்துக்குப் போனான். தொடருக்குச் சம்மதித்தான். கதையில் சயோ என்ற பெயரை மட்டும் மாற்றிவிடச் சொன்னான்.