தாயக் கட்டத்துக்குள் மலை வந்த கதை

விலங்குகள் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில் தாயம் ஆடக் காய்கள் கிடையாது. ஆடுகிற குட்டிகளே கட்டத்துக்குள் இறங்கி நிற்கும். ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டைகளை உருட்டி, வெள்ளை விழுந்த அளவுக்கு நகர வேண்டும். ஒருவன் நிற்கும் கட்டத்துக்கு இன்னொருவன் வந்துவிட்டால் வெட்டு. நின்றவன் வெளியே போய் முதலிலிருந்து வர வேண்டியதுதான்.

ஒரு கோடையில் ஏரி வற்றி, நடுவில் ஒரு குட்டை மட்டும் மிஞ்சியது. முதலில் குடிப்பவனுக்குத் தெளிந்த தண்ணீர், அடுத்தவனுக்குச் சேறு. யானைக்குட்டிக்கும் நரிக்குட்டிக்கும் தினமும் சண்டை. தாயத்தில் ஜெயிப்பவன் முதலில் குடிக்கட்டும் என்று முடிவாயிற்று. முயல்தான் காய்ந்த தரையில் நகத்தால் கட்டம் கீறியது. கோடு போட உட்கார்ந்தால் அதற்கு வேறெதுவும் கண்ணில் படாது. ஒரு கட்டத்துக்குள் ஆள்காட்டிக் குருவியின் முட்டைகள் மண் நிறத்தில் கிடந்ததை அது பார்க்கவே இல்லை.

வெயிலில் முட்டை வெந்துவிடாமல் இருக்க, வயிற்று இறகை நனைத்துவரக் குருவி குட்டைக்குப் போயிருந்தது. திரும்பி வந்தபோது ஆட்டம் பாதி நடந்திருந்தது. யானைக்குட்டி உருட்டிய கொட்டைகள், அதை நேராக முட்டைக் கட்டத்துக்கு அனுப்பின.

"கண்ணு, கால வச்சிடாதே! என் குஞ்சுங்கடா!" என்று குருவி அலறியது.

"விழுந்தா நகரணும். இல்லன்னா தோத்துட்டேன்னு சொல்லிட்டுப் போ" என்றது நரிக்குட்டி.

யானைக்குட்டிக்குத் தாகம் தாங்கவில்லை. தோற்கவும் மனமில்லை. "என் பின்னங்கால் எங்க படுதுன்னு எனக்கே தெரியாது. நீயே சொல்லும்மா" என்றது.

குருவி தாழப் பறந்து வழி சொன்னது. யானைக்குட்டி நான்கு காலையும் நான்கு மூலையில் ஊன்றி நின்றது. முட்டைகள் அதன் வயிற்று நிழலில் கிடந்தன.

அடுத்து நரிக்குட்டி உருட்டியது. அதே கட்டம்.

"வெட்டு! வெளியே போடா!"

"மாட்டேன். நான் காலெடுத்தா நீ முட்டை மேல குதிப்பே."

"பாரு முயலே, மலை மாதிரி நின்னுக்கிட்டு அழிச்சாட்டியம் பண்றான்!"

பார்க்காமல் கட்டம் போட்டது தன் தப்பு என்று முயலுக்கு அப்போதுதான் உறைத்தது. யானையின் காலுக்கடியில் நுழைந்து, முட்டைகளில் நகம் படாமல், மூலைக்கு மூலை ஒரு பெருக்கல் குறி கீறியது.

"இது மலை. இங்க வெட்டு கிடையாது. ரெண்டு பேரும் சேர்ந்தே நிக்கலாம்."

"அவனுக்கு மட்டும் சலுகையா?"

"உன் பக்கமும் ஒண்ணு போடறேன். நாலு பக்கமும் போடறேன். போதுமா?"

நரிக்குட்டி முறைத்துக்கொண்டே யானையின் வயிற்றுக்கடியில் நுழைந்து உட்கார்ந்தது. அதன் மூக்குக்கு நேராக முட்டைகள். அதற்கோ காலையிலிருந்து பசி. குருவிக்கு உயிரே போய்விட்டது. நரிக்குட்டி ஒருமுறை முகர்ந்து பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சீக்கிரம் உருட்டுங்கடா" என்றது.

தண்ணீரை யார் முதலில் குடித்தார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. முட்டைகள் பொரிந்தன. அன்றைக்குத் தொடங்கியதுதான், பிள்ளைகள் தரையில் தாயக் கட்டம் வரைந்ததும் நாலு பக்கமும் பெருக்கல் குறி போடுவது. மலைக்குள் வந்துவிட்டால், எதிராளி எவ்வளவு நெருங்கி உட்கார்ந்தாலும் யாரும் யாரையும் வெட்டுவதில்லை.