கீச் நின்ற காலை

ஒரு ஊரில் ஒரு ஜோடி ஷூ இருந்தது. வலது ஷூ அவசரக்காரன். இடது ஷூ அவன் இழுத்த இழுப்புக்குப் போகிறவன். விடிந்ததும் ஏரியை மூன்று சுற்று சுற்றியாக வேண்டும். வலதுக்கு அதைத் தாண்டி உலகம் கிடையாது.

அவர்களைப் போட்டுக்கொண்டு நடப்பவன் செம்பியன். மூன்று வயது மகள் ஆதிரையையும் கூட்டி வருவான். அவள் காலில் சிவப்புச் செருப்பு. மிதித்தால் கீச் கீச்சென்று கத்தும். தேடிப் பிடித்து வாங்கியதே செம்பியன்தான். பின்னால் கீச் கேட்டால் பிள்ளை வருகிறாள் என்று அர்த்தம். திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

"நல்ல ஏற்பாடு. நேரம் மிச்சம்," என்பான் வலது.

"அண்ணே, மெதுவா போங்கண்ணே," என்று சிவப்புகள் பின்னாலிருந்து கத்தும். "இங்கே ஒரு நத்தை! கொம்பை உள்ளே இழுக்குது, வெளியே நீட்டுது!"

"நத்தையைப் பார்த்துக்கிட்டே நின்னா நத்தையாத்தான் போவீங்க. வாங்கடா!"

"வாம்மா, வா வா," என்பான் செம்பியனும். முகம் முன்பக்கமே இருக்கும்.

அன்றைக்கு இரண்டாவது சுற்று. படித்துறையைத் தாண்டி ஐம்பது அடி போயிருப்பார்கள். இடது சட்டென்று நின்றான்.

"என்னடா உனக்கு?"

"அண்ணே, கீச் கேட்கலை."

செம்பியன் திரும்பினான். பாதை காலி. படித்துறை. அதற்குக் கீழே ஆளை முழுங்கும் தண்ணீர்.

"ஆதிரை!"

வலது ஓடினான். வாங்கிய நாள் முதல் ஓடாத ஓட்டம். படித்துறை மேல்படியில் சிவப்புச் செருப்புகள் ஜோடியாக இருந்தன. உள்ளே கால் இல்லை.

"எங்கடா புள்ள? சொல்லித் தொலைங்கடா!"

"உஷ்!" என்றன சிவப்புகள்.

"என்னடா உஷ்ஷு? உசுரு போகுது எனக்கு!"

"மரத்துக்கு அந்தப் பக்கம் பாருங்க. நாங்க கத்தினா குழி வீட்டுக்காரர் வெளியே வரமாட்டாராம். அதான் எங்களைக் கழட்டி வெச்சிட்டுப் போயிட்டா."

புங்க மரத்துக்குப் பின்னால் ஆதிரை குந்தியிருந்தாள். மூக்கு தரையைத் தொட்டுவிடும் போல் இருந்தது. செம்பியன் அருகே ஓடினான். புழுதியிலேயே உட்கார்ந்தான். திட்டத்தான் வாயைத் திறந்தான். அதற்குப் பதில் பிள்ளையின் முதுகில் கை வைத்தான். சூடாக இருந்தது.

காய்ந்த மணலில் புனல் மாதிரி ஒரு குழி. அதன் அடியிலிருந்து, உள்ளே விழும் எறும்பைப் பிடித்துத் தின்னும் குழியானைப் பூச்சி மண்ணை வாரி மேலே எறிந்தது.

"நீதானா அது?" என்று வலதைக் கேட்டது. "தினம் குறுக்கு வழியிலே வந்து என் வீட்டை மிதிச்சிட்டுப் போற தடியன்?"

"பார்க்கலை."

"அது தெரியும். நீ பார்த்திருந்தா நான் எதுக்குத் தினம் வீடு கட்டறேன்?"

வேறொரு நாள் என்றால் வலது பதிலுக்குப் பதில் கொடுத்திருப்பான். இன்றைக்குக் கோபமே வரவில்லை. பிள்ளை இருக்கிறாள். திட்டுகிறவன் திட்டட்டும். இன்னும் ரெண்டு சேர்த்துத் திட்டினாலும் சரி.

"அப்பா," என்று கிசுகிசுத்தாள் ஆதிரை. "புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடாதீங்க. மண்ணு சரியுது."

செம்பியன் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தான். குழியின் விளிம்புக்கு ஓர் எறும்பு வந்து நின்றது. ஒரு காலை உள்ளே விட்டது. எடுத்தது. மறுபடி விட்டது.

"கிளம்பலாமா அண்ணே?" என்றான் இடது.

"வாயை மூடுடா," என்றான் வலது. "அது விழுமா விழாதான்னு தெரிய வேண்டாமா?"