சுவாமிக்கு முதுகு காட்டி நடந்தவர்

வழித்துணைநல்லூருக்கு வெளியே கருவேலங்காட்டில் முள் வெட்டிப் பிழைத்தவர் பூவணத்தம்மையார். வெட்டிய முள்ளைக் கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து, வேலி அடைப்பவர்களுக்கு விற்பார். கோயிலுக்குள் நுழைய அவர் குலத்தாருக்கு அன்று உரிமையில்லை. கட்டை இறக்கியதும் கோபுரம் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு போடுவார். அவ்வளவுதான் அவருடைய பூசை.

மாசி மகத்தன்று அவ்வூர்ச் சுவாமி பல்லக்கேறி, பழைய பெருவழியில் மூன்று ஊர்களைக் கடந்து, கீழைத்துறைக் கடலில் நீராடுவார். அடியார் கூட்டம் வெறுங்காலோடு பின்தொடரும். ஓராண்டு, அம்மையாரின் கட்டிலிருந்து உதிர்ந்த முள், வெகுதூரம் நடந்து வந்த ஓர் அடியாரின் காலில் ஏறிவிட்டது.

"பரவாயில்ல தாயி, எனக்குக் கொடுத்துவைக்கல" என்று சொல்லி, கடலைக் காணாமலே அவர் நொண்டித் திரும்பினார். திட்டியிருந்தாலாவது அம்மையாருக்கு மனம் ஆறியிருக்கும். மறு ஆண்டு அவர் வரவில்லை. இருக்கிறாரா, போய்விட்டாரா என்று சொல்லவும் ஆளில்லை.

அதன்பின் அம்மையாருக்குச் சோறு இறங்கவில்லை. இனி இந்த வழியில் ஒரு காலிலும் முள் தைக்கக் கூடாது என்று உறுதி கொண்டார். மகத்துக்குப் பத்து நாள் முன்பே பெருக்கத் தொடங்குவார். மகத்தன்று பல்லக்குக்கு முன்னால் குனிந்து, மிச்சத்தைப் பொறுக்கிக்கொண்டே கடல்வரை போவார். பல்லக்கு பின்னால் வருவதாலும், கரையில் கூட்டம் மறைத்துவிடுவதாலும், பதினெட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூடச் சுவாமியைப் பார்த்ததில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? நெசவாளர் ஊரான தறிமங்கலத்தில், "முள்ளு விக்கிறவளே முள்ளு பொறுக்குறா பாரு" என்று சிரித்தார்கள். மதில் சூழ்ந்த வணிகர் ஊரான சாத்தன்கோட்டையில், "சாமிக்கே முதுகு காட்டிப் போறாளே, உருப்படுவாளா" என்றார்கள். அம்மையாருக்கும் அது உறுத்தல்தான். ஆனால் திரும்பிப் பார்த்தால் கீழே கிடக்கும் முள்ளை யார் பார்ப்பது?

பத்தொன்பதாம் ஆண்டு, மகத்தன்று காலை, சாத்தன்கோட்டை வாசலிலேயே காய்ச்சல் அவரைச் சாய்த்துவிட்டது. வாயில்காவலன் வேலன்காரி எட்ட நின்று பார்த்தான்.

"ஒனக்கு அம்மை போட்டிருக்கு. இங்க கெடக்காத, போ."

அம்மையார் தவழ்ந்து, மதிலுக்கு வெளியே இடிந்த மண்டபம்வரை போனார். அதற்குமேல் கை ஊன்றவில்லை. கடல்வரை அரைக்காத வழி மிச்சம். முந்தின நாள்தான் முள்வண்டிகள் அதில் போயிருந்தன. மேளச் சத்தம் நெருங்கியது, கடந்தது, தேய்ந்தது.

"அப்பனே, இன்னிக்கு யாரு காலு போகுதோ" என்று அழுதார். தம் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடற்கரையில் ஒருவர் காலிலும் முள் இல்லை. நீராட்டுக்காகச் சுவாமியின் பட்டாடையைக் களைந்த அர்ச்சகர் சொக்கபட்டர் மட்டும் திடுக்கிட்டு நின்றார். செப்புத் திருமேனியின் இரு பாதங்களிலும் கருவேல முட்கள் ஏறியிருந்தன. எவ்வளவு இழுத்தும் அவருக்கு ஒன்றும் வரவில்லை.

"இந்த வழியைப் பெருக்குறது யாருப்பா?" என்றார்.

கூட்டத்தோடு வந்திருந்த வேலன்காரி தலைகுனிந்தான். "முள்ளுக்காரி சாமி. நான்தான் வெரட்டிவிட்டேன். மண்டபத்துல கெடக்கா."

நீராடாமல் பல்லக்கு திரும்பிய வழக்கம் இல்லை. அன்று திரும்பியது. மண்டபத்தில் இறக்கினார்கள். கண் திறந்த அம்மையார், பாதத்தைத்தான் முதலில் கண்டார். "ஐயோ, எம்புட்டு முள்ளு" என்று பதறி ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அவர் விரல் பட்டதும் வந்தன. முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை.

கடைசி முள்ளும் வந்தபின், "நிமிர்ந்து பாரும்மா. ஒன்னைப் பாக்கத்தான் வந்திருக்கார்" என்றார் பட்டர்.

அம்மையார் நிமிர்ந்து பார்த்தார்.

சுவாமி அன்று நீராட உச்சிப்பொழுது கடந்துவிட்டது. தம் அடியார் விட்ட வேலையைத் தம் காலால் முடித்தவரையும், அவர் காலில் தைத்ததைக் கண்டு பதறிய அந்தக் கீறல் விழுந்த கைகளையும் கும்பிடுவோம்.