மூங்கில் மேட்டில் நின்ற வண்டி

சென்னியப்பனின் வாத்தியார் அவரைவிட இருபது வயது இளையவர். பெயர் ஹாஜிரா. மலையடிவாரத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார்.

சென்னியப்பன் மலைக் கிராமங்களுக்குப் பன்னும் வர்க்கியும் கொண்டுபோய் விற்கிறவர். அதற்காகப் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். அது போகிற வழியெல்லாம் மக்கர் செய்தது. ஒருநாள் அதை ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தவர், "பழுது பார்க்கறத எனக்கே சொல்லிக்குடுங்க" என்று கேட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஷெட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சட்டை செய்யவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே கேள்விதான்.

"வாத்தியாரம்மா, வண்டி நடுவழியில நிக்காமயே இருக்கோணும்னா என்ன பண்ணோணும்?"

ஹாஜிரா அதற்கு மட்டும் பதில் சொன்னதில்லை. பிளக்கைக் கழற்றித் துடைக்கச் சொல்வார். செயினுக்கு எண்ணெய் விடச் சொல்வார். காற்று வடிகட்டியைத் தட்டிப் போடச் சொல்வார். சென்னியப்பன் எல்லாவற்றையும் செய்துவிட்டு மறுபடியும் அதையே கேட்பார்.

பதில் வராததால் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். புது பிளக், கிளச் கேபிள், பல்பு, ஒட்டுகிற டேப் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டார். அதை இன்னொரு பையில் போட்டார். கயிற்றால் இறுக்கிக் கட்டி, வண்டியின் பக்கவாட்டில் இருந்த பன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

"இது என்னங்கண்ணா, மலைக்கே கடை போடறீங்களா?" என்றார் ஹாஜிரா.

"இருக்கட்டும்ங்க. வேணுங்கறப்ப ஒதவும்."

மழைக்காலத்தில் ஒருநாள், மலைமேல் ஓர் ஊரில் தண்ணீர் இறைக்கும் இன்ஜினைச் சரிசெய்ய ஹாஜிரா போயிருந்தார். வேலை முடிந்தபோது கீழே இறங்கப் பஸ் இல்லை. வியாபாரத்தை முடித்துக்கொண்டு பன் தீர்ந்த பெட்டியோடு சென்னியப்பன் வந்தார்.

"ஏறுங்க வாத்தியாரம்மா. நம்ம வண்டி இருக்கறப்ப பஸ் எதுக்கு?"

காட்டுப் பாதையில் ஒரு வளைவு திரும்பியதும் ஹாஜிரா அவர் தோளைத் தொட்டார். சாலையோரத்து மூங்கில் புதரில் ஒற்றைக் கொம்பன் யானை ஒன்று கிளைகளை முறித்துத் தின்றுகொண்டிருந்தது.

"ஹாரன் அடிக்காதீங்க. ஒரே சீரா போங்க."

யானை திரும்பிப் பார்க்கவில்லை. அதைக் கடந்து, இறக்கத்துக்கு நடுவே எதிர்ப்பட்ட மேட்டில் பாதி ஏறியிருப்பார்கள். வண்டி இருமியது. இழுக்க மாட்டாமல் திணறியது. நின்றது.

சென்னியப்பன் கிக்கரை உதைத்தார். மறுபடி உதைத்தார். வண்டி உயிர் பெற்றுக் கொஞ்ச தூரம் ஓடி, மீண்டும் இருமி நின்றது.

பின்னால் மூங்கில் முறியும் சத்தம் நின்றுபோயிருந்தது. யானை சாலைக்கு வந்து இந்தப் பக்கம் பார்த்து நின்றது. பிறகு, அவசரமே இல்லாமல், மேட்டை நோக்கி நடக்கத் தொடங்கியது.

சென்னியப்பன் கிக்கரை உதைத்துக்கொண்டே இருந்தார். "வண்டிய விட்டுட்டு ஓடிரலாங்களா?"

"ஓடினா தொரத்தும். இந்த மேட்டுல தள்ளவும் முடியாது. உதைக்கறத நிறுத்துங்க. எறங்குங்க."

இருவரும் இறங்கினார்கள். ஹாஜிரா வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"நீங்க பாருங்க அம்மிணி!" சென்னியப்பனின் குரல் கிசுகிசுத்தது. வாத்தியாரம்மா என்ற வார்த்தை அவருக்கு மறந்தே போயிற்று.

"நான் ஆனையப் பார்க்கறேன். நீங்க வண்டியப் பாருங்க."

அவர் பெட்டியைத் திறந்து பையை எடுத்தார். முடிச்சு அவிழவில்லை. நகத்தால் நெம்பினார், பல்லால் கடித்தார்.

"என்ன பண்றீங்க?"

"புது பிளக் போடறேன்."

"எதுக்கு?"

அவர் மறுபடியும் முடிச்சைக் கடித்தார்.

"வண்டி எப்பிடி நின்னுச்சு?" ஹாஜிரா திரும்பாமலே கேட்டார். "சுவிட்ச அணைச்ச மாதிரி பட்டுனு நின்னுச்சா? இருமி இருமி நின்னுச்சா?"

"இருமித்தான்."

"கரண்டு போனா பட்டுனு நிக்கும். அப்ப இது எது?"

"பெட்ரோலுங்களா?" சென்னியப்பன் வண்டியை ஆட்டினார். டேங்குக்குள் களக் களக்கென்று சத்தம் கேட்டது. "பெட்ரோல் பாதி டேங்கு இருக்குதே! பெட்ரோல் டேப்பும் தொறந்துதான் இருக்கு."

"மேல இருக்கறது கீழ வருதான்னு பாருங்க."

டேங்கிலிருந்து, இன்ஜினுக்குப் பெட்ரோல் ஊட்டும் கார்புரேட்டருக்குப் போகும் டியூபின் கீழ்முனையை அவர் உருவினார். இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை வந்துவிட்டது. பெட்ரோல் கொஞ்சம் ஒழுகியது. பிறகு சொட்டியது. பிறகு அதுவும் இல்லை.

"நின்னுபோச்சு. குழாயில அடைப்பு."

"அடைப்புன்னா மொதல்லயும் பெட்ரோல் வந்திருக்காதே. காலையிலிருந்து வேற எங்கயாச்சும் நின்னுச்சா?"

"போறப்ப ஒருக்கா நின்னுச்சு. ஒரு பீடி பத்தவெச்சுட்டு எடுத்தேன், ஓடிருச்சு."

"ஓய்வு குடுத்தா ஓடுது. ஓடினா நிக்குது. யோசிங்க."

யானை இப்போது மேட்டின் அடியில் இருந்தது. தும்பிக்கையால் மண்ணை வாரித் தன் முதுகில் போட்டுக்கொண்டது. அதன் மூச்சு இங்கே வரை கேட்டது.

சென்னியப்பன் டியூபை விட்டார். உள்ளே என்னதான் ஆயிற்று என்று பார்க்க டேங்கின் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. அந்த நொடியே, கீழே தொங்கிக்கொண்டிருந்த டியூபிலிருந்து பெட்ரோல் கொட்டி அவர் காலை நனைத்தது.

"என்னங்கண்ணா சத்தம்?"

"மூடியத் தொறந்தேன்... பெட்ரோல் கொட்டுது."

"டேப்ப மூடுங்க. சூடான சைலன்சர் மேல படலையே?"

"இல்ல."

"ஏன் கொட்டுது?"

சென்னியப்பன் கையிலிருந்த மூடியைத் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் கறுப்பு ரப்பர் வட்டம், அவரே வெட்டி ஒட்டியது. அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். யானை இன்னும் சில அடி முன்னே வந்தது. அதற்குப் பிறகு பேச்சு தானாக வந்தது.

"முந்தாநாள் மழையில டேங்குல தண்ணி எறங்கிருச்சுங்க. சைக்கிள் டியூப வட்டமா வெட்டி மூடிக்குள்ள ஒட்டினேன். மூடியில இருந்த சின்ன ஓட்டையும் மூடிப்போச்சு. காத்து உள்ள போக வழியில்ல. அதான் பெட்ரோல் எறங்கல."

"நல்லாத்தான் வெட்டியிருக்கீங்க." ஹாஜிரா மெல்லக் கையை நீட்டிப் பக்கத்து மூங்கிலில் ஒரு முள்ளை ஒடித்துப் பின்பக்கமாகக் கொடுத்தார். "குத்துங்க. எறும்பு போற அளவு போதும்."

பழைய ஓட்டை இருந்த இடத்தைத் தடவிப் பார்த்து, சென்னியப்பன் முள்ளைக் குத்திச் சுழற்றினார். மூடியைப் பூட்டினார். டியூபை மாட்டினார். டேப்பைத் திறந்தார். ஏறி உட்கார்ந்து கிக்கரில் கால் வைத்தார்.

"பொறுங்க" என்றார் ஹாஜிரா.

"வந்துருச்சு அம்மிணி!"

"தெரியுதுங்க. கார்புரேட்டர் காலியா இருக்கு. நிறையட்டும்."

யானை நின்றது. காதுகளை விரித்தது. காட்டில் ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை. சென்னியப்பனின் கால் கிக்கரின் மேலேயே இருந்தது. இதுவரை எந்த வேலையிலும் அவர் இவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை.

ஹாஜிரா பின்னால் ஏறி உட்கார்ந்தார். "இப்ப. ஒரே ஒதை."

உதைத்தார். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. பின்னால் பிளிறல் கேட்டது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

செக்போஸ்ட்டைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. டீக்கடையின் தகரக் கூரைக்கு அடியில் ஒதுங்கினார்கள். ஹாஜிரா டீ வாங்கிக்கொண்டு திரும்பியபோது, சென்னியப்பன் ஒரு பிளாஸ்டிக் பையை டேங்க் மூடியின் மேல் கவிழ்த்துக் கயிற்றால் இறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்கண்ணா அது?"

"ஓட்டை வழியா மழைத்தண்ணி எறங்கிரும்ல?"

"எறங்கும்."

"எறங்குனா வண்டி நிக்கும்ல?"

"நிக்கும்ங்க."

சென்னியப்பனின் கை கயிற்றிலேயே நின்றது.

"மறுக்காவும் அந்த மேட்டுலயே நின்னுச்சுன்னா? நீங்களும் கூட இல்லாதப்ப நின்னுச்சுன்னா?"

ஹாஜிரா டீ கிளாஸை அவர் கையில் கொடுத்தார். குனிந்து, முடிச்சை அவிழ்த்தார்.

"எறங்கி நீங்களே பாப்பீங்க" என்றார்.