இரண்டு சுற்று

“தப்பு இந்த ரீலோடது, மேஸ்திரி. அதை நிரூபிச்சுக் காட்டணும்.”

தொபியாஸ் துணிப்பையை அவிழ்த்து ரீலை மேசைமேல் வைத்தார்.

பிரகாசி அதைத் தொடவில்லை. குனிந்து பார்த்தார்.

“யாருக்கு நிரூபிக்கணும், அண்ணாச்சி?”

“இஞ்ஞாசிக்கு.”

தூத்துக்குடியில் பழைய துறைமுகச் சாலையில் எட்டடிக்குப் பத்தடி அறை ஒன்றில் பிரகாசி தூண்டில் ரீல் பழுது பார்க்கிறார். வயது முப்பத்தேழு. அவரிடம் வருபவர்கள் எத்தனை வயதானாலும் அவரை மேஸ்திரி என்றே கூப்பிடுவார்கள்.

தொபியாஸுக்கு அறுபத்தாறு. துறைமுகக் கிடங்கில் இருபத்தொன்பது வருடம் சரக்கு எண்ணி எழுதியவர்.

“ரீல் யாருது?”

“அவனோடது. இருபத்திரண்டு வருஷமா என்கிட்ட இருக்கு.”

“என்ன நடந்துச்சு?”

“வள்ளத்துல போனோம், அவனும் நானும். பெரிய பாரை மீன் கடிச்சுது. மீன் இழுத்தா ரீல் கொஞ்சம் கொஞ்சமா தங்கூசி நரம்பை விட்டுக் கொடுக்கணும். கொடுக்கல. பிடிச்சுக்கிச்சு. அவன் கையால தங்கூசியை உருவி விடப் பார்த்தான். அது விரலைச் சுத்திடுச்சு.”

“எத்தனை விரல் போச்சு?”

“ரெண்டு.”

பிரகாசி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“என் ரீலை என்னல செஞ்சன்னு கரையில எல்லார் முன்னாடியும் கேட்டான். சண்டையாயிடுச்சு. மறுவாரம் ரீலை என் வாசல்ல வச்சுட்டுப் போயிட்டான். அதோட பேச்சு இல்ல. மாதா கோயில்ல அவன் இடப்பக்கம் உக்காருவான், நான் வலப்பக்கம்.”

“இப்ப எதுக்கு இந்த அவசரம்?”

“கோயம்புத்தூருக்கு மகள் வீட்டுக்குப் போறான். இனிமே வரமாட்டான். இன்னியிலேருந்து பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் ரயில்.” தொபியாஸ் ரீலை ஒரு விரலால் நகர்த்தினார். “எல்லாம் புதுசா போடணும், மேஸ்திரி. இப்ப வர்ற ரீலைவிட நல்லதா ஆக்கி அவன் கையில கொடுக்கணும். பழைய சாமான் எப்படி இத்துப்போய்க் கிடந்ததுன்னு காட்டணும். தப்பு யார்மேலன்னு அப்புறம் அவன் சொல்லட்டும்.”

“நான் செய்யமாட்டேன்.”

தொபியாஸ் நிமிர்ந்தார்.

“நீங்க செய்யுங்க. நான் பக்கத்துல இருக்கேன்.”

*

முதல் நாள், கைப்பிடிக்குக் கீழே இருக்கும் ஸ்டார் அசையவில்லை. ஐந்து கதிர் உள்ள திருகு அது. திருப்பினால் உள்ளே வாஷர்கள் இறுகித் தங்கூசியை நிறுத்தும், எதிர்ப்பக்கம் திருப்பினால் தளர்ந்து ஓடவிடும். எண்ணெய் விட்டு அரை நாள் காத்திருந்தார்கள்.

தளர்ந்ததும் தொபியாஸ் பக்கத் தட்டைக் கழற்றினார். திருகாணி பதினொன்று. ஒரு தாளில் பதினொரு வட்டம் போட்டு, எந்தத் துளையில் இருந்தது எது என்று எழுதி, வட்டத்துக்கு ஒன்றாக வைத்தார்.

“துறைமுகத்துல இப்படித்தான் கப்பலைப் பிரிச்சீங்களா, அண்ணாச்சி?”

“எண்ணாம எடுத்தா எண்ணாமதான் தொலையும்.”

பிரகாசி சிரித்தார்.

பித்தளைப் பல்சக்கரம் பச்சைக் களிம்பு பூத்து வெளியே வந்தது. அதன் குழிக்குள் வாஷர்கள் இருந்தன. உலோகம் நான்கு, தோல் மூன்று, ஒன்றுவிட்டு ஒன்று. ஏழும் சேர்ந்து ஒரே வில்லையாக இருந்தன.

பிரகாசி வில்லையை ஊசியால் கிளப்பித் தொபியாஸின் உள்ளங்கையில் போட்டார்.

“வீட்டுக்குக் கொண்டுபோங்க. ஏழையும் தனித்தனியா பிரிச்சுட்டு வாங்க.”

“இதுக்குப் பதிலாத்தான் புதுசு வரப்போகுதே?”

“பிரிச்சுட்டு வாங்க.”

*

இரண்டாம் நாள்.

“பிரிஞ்சுதா?”

“இல்ல. கெரசின்ல போட்டிருக்கேன்.”

தொபியாஸ் பல்சக்கரத்தை எலுமிச்சைச் சாறு தொட்டுப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்தார். ஐம்பத்தாறு பல். ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தார். தேய்த்து முடித்ததும் இரண்டு பல் மழுங்கியிருந்தது தெரிந்தது.

“பார்த்தீங்களா? இத்துப்போச்சு. ரீல்தான் தப்பு.”

“ரெண்டு பல் மழுங்கினா ரீல் வழுக்கும். பிடிச்சுக்காது.”

தொபியாஸ் மறுபடி தேய்த்தார்.

நான்காம் நாள் புதுச் சாமான் வந்தது. துருப்பிடிக்காத எஃகில் பல்சக்கரம். கார்பன் வாஷர்கள். இரண்டு பேரிங். நீளமான கைப்பிடி, அதோடு புது ஸ்டார்.

“பிரிஞ்சுதா?”

“இல்ல.”

ஆறாம் நாள்.

“பிரிஞ்சுதா?”

“பிளேடு வச்சுப் பார்த்தேன். பிளேடுதான் உடைஞ்சுது.”

“ரீலை ஜெயிச்சுடுவீங்க. வாஷர் உங்களை ஜெயிச்சுடும்போல.”

எட்டாம் நாள் பிரகாசி கேட்கவில்லை. தொபியாஸும் சொல்லவில்லை.

*

ஒன்பதாம் நாள் ரீல் முழுசானது.

உருப்படி நாற்பத்து மூன்று. பழையது இருபத்தாறு, புதியது பதினேழு. கறுப்புப் பக்கத் தட்டு இரண்டும் மெழுகு போட்டுத் துடைத்ததில் முகம் தெரிந்தது.

பிரகாசி ரீலைத் தூண்டில் கம்பில் பூட்டி, தங்கூசியை உத்தரத்தின்மேல் விட்டு, நுனியில் நான்கு கிலோ மணல் வாளியைக் கட்டினார்.

“ஸ்டாரைச் சரியா வைங்க, அண்ணாச்சி.”

தொபியாஸ் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். ஓரிடத்தில் ரீல் பேச ஆரம்பித்தது. கிர்ர்ர் என்று ஒரே சீராகத் தங்கூசியை விட்டது. வாளி குலுங்காமல் இறங்கித் தரையில் உட்கார்ந்தது.

அவர் வாளியை மறுபடி ஏற்றி இறக்கினார். ஆறு தடவை.

“கேட்டீங்களா, மேஸ்திரி? இதை அவன் கேக்கணும்.”

மாலையில் ரீலைத் துடைத்தார். ஸ்டாரை இனிமேல் திரும்பாது என்கிற வரை இறுக்கினார். மல் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார்.

பத்தாம் நாள் காலை அவர் முகம் மாறியிருந்தது.

“யாரோ ரீலைத் தொட்டிருக்காங்க.”

“எப்படித் தெரியும்?”

“இறுக்கி வச்சேன். இப்ப ஸ்டார் தொளதொளன்னு ஆடுது.”

“நான்தான் தளர்த்தினேன்.”

தொபியாஸ் தலையை ஆட்டிக்கொண்டார். மாலையில் மறுபடி இறுக்கி வைத்துவிட்டுப் போனார்.

பதினோராம் நாளும் ஸ்டார் ஆடியது.

“எதுக்கு இப்படிச் செய்றீங்க, மேஸ்திரி? ஒரு சாமானை அசையாம வைக்கிறதுதானே முறை?”

பிரகாசி எழுந்து மேல்தட்டிலிருந்து வேறொரு ரீலை எடுத்தார். அதே கறுப்புத் தட்டு, அதே பதினொரு திருகாணி.

“இது உங்க ரீலைவிடப் பத்து வருஷம் மூத்தது. ஸ்டாரைத் தளர்த்தியே வச்சிருப்பேன். திறங்க.”

தொபியாஸ் திறந்தார். பல்சக்கரத்தை எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்தார்.

வாஷர்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. அவர் வாய்க்குள் எண்ணினார். ஏழு.

“உங்க வில்லையை எடுங்க.”

சட்டைப் பையிலிருந்து எடுத்தார். பத்து நாள் கெரசின் குடித்தும் அது ஒன்றாகவே இருந்தது.

“உங்க ரீலோட பழைய ஸ்டார் எங்கே?”

“மேசைமேல.”

“அப்ப இந்த ஏழையும் இப்ப இறுக்குறது யாரு?”

“யாருமில்ல.”

“பிரியுதா?”

தொபியாஸ் வில்லையை இரு விரலால் அழுத்திப் பார்த்தார். வெளியே லாரி ஒன்று பின்னோக்கி வந்து நின்றது.

“அந்தப் பாரை கடிக்கிறதுக்கு முந்தி ரீல் யார்கிட்ட இருந்துச்சு, அண்ணாச்சி?”

“என்கிட்ட. மழைக்காலம். கழுவி எண்ணெய் விட்டுத் தரேன்னு நான்தான் வாங்கிட்டுப் போனேன். மூணு மாசம்.”

“கழுவினீங்க.”

“நல்ல தண்ணியில. மூணு தடவை.”

“எப்படி வச்சிருந்தீங்க?”

“பத்திரமா.”

சொன்ன பிறகு தொபியாஸ் தன் வலக்கையைப் பார்த்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், எதையோ இறுக்குவதுபோல் குவிந்திருந்தன.

பிரகாசி வேறொருவருடைய ரீலை எடுத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

“வள்ளத்துல அவன் ஸ்டாரைத் தளர்த்தினான், மேஸ்திரி.”

“பார்த்தீங்களா?”

“பக்கத்துலதான் இருந்தேன். ரெண்டு சுத்து. எண்ணினேன்.”

“சரியாத்தான் வச்சிருக்கார்.”

“சரியாத்தான் வச்சான்.”

“கரையில அவர் கேட்டப்போ நீங்க என்ன சொன்னீங்க?”

தொபியாஸ் மேசையின் விளிம்பைத் தடவினார்.

“அவன் கையில துணி சுத்தியிருந்தாங்க. ரத்தம் சொட்டுது. என் ரீலை என்னல செஞ்சன்னு கேக்குறான். சுத்தி ஒன்பது பேர். எனக்குப் பயமாயிடுச்சு.”

“என்ன சொன்னீங்க?”

“ஸ்டாரைத் தளர்த்தக்கூடத் தெரியாதவனுக்கு ரீல் எதுக்குன்னு கேட்டேன். எல்லாரும் அவனைப் பார்த்தாங்க.”

பிரகாசி எண்ணெய்ப் புட்டியை மூடினார்.

“நாளைக்கு நான் எதைக் கொண்டுபோகணும், மேஸ்திரி? ரீலையா, இந்த வில்லையையா?”

“ரெண்டும் உங்க பையில கொள்ளும்.”

“போய் என்ன சொல்லணும்?”

“உங்களுக்கு எண்ணத் தெரியும், அண்ணாச்சி. அதைச் சொல்லுங்க.”

*

பன்னிரண்டாம் நாள் பிற்பகல் மூன்று மணி.

இஞ்ஞாசியின் வீட்டு முன்னறையில் கட்டி முடித்த பெட்டிகள் நான்கு இருந்தன. ஐந்தாவது பெட்டிக்கு அவர் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். இடக்கையில் மூன்றே விரல். கயிற்றின் ஒரு முனையைப் பல்லால் கடித்திருந்தார்.

வாசலில் நின்றவரைப் பார்த்ததும் கயிறு வாயிலிருந்து விழுந்தது.

“என்னல?”

இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு வந்த முதல் சொல் அது.

தொபியாஸ் உள்ளே வந்தார். ரீலை ஒரு பெட்டியின்மேல் வைத்தார். இஞ்ஞாசி அதைப் பார்க்கவில்லை.

தொபியாஸ் வில்லையை எடுத்து அவர் கையில் வைத்தார்.

இஞ்ஞாசி அதை வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பினார். மறுபக்கம் திருப்பி நெம்பினார்.

“கெரசின்ல போட்டியா?”

“பதினோரு நாள்.”

“என் ரீல்ல உள்ளதா?”

“ஆமா. கழுவித் தரேன்னு வாங்கிட்டுப் போனேன்ல. மூணு மாசமும் ஸ்டாரை இறுக்கி வச்சிருந்தேன். தோல் எல்லாம் உள்ள இருந்த உப்போட ஒட்டிக்கிச்சு. அப்புறம் நீ தளர்த்தினாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. எனக்கு அன்னிக்குத் தெரியாதுல, இஞ்ஞாசி. நேத்துதான் தெரிஞ்சுது.”

இஞ்ஞாசி வில்லையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆனா ஒண்ணு அன்னிக்கே தெரியும்.”

“என்னது?”

“நீ தளர்த்தினது. நான் பார்த்தேன். எண்ணினேன். ரெண்டு சுத்து.”

இஞ்ஞாசி மெதுவாகப் பெட்டியின்மேல் உட்கார்ந்தார்.

“ரெண்டா?”

“ரெண்டு.”

“நல்லா எண்ணினியா?”

“எண்ணினேன்.”

தெருவில் ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது. இஞ்ஞாசி எழவில்லை. அவருடைய வலக்கை வெறும் காற்றில் எதையோ பிடித்தது. ஒரு சுற்று திருப்பியது. நின்றது. இன்னொரு சுற்று திருப்பியது.

“அன்னிக்குத் திருப்பினது ஒண்ணா ரெண்டான்னு,” என்றார் இஞ்ஞாசி, “தினமும் இப்படித் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்ல.”